கண்ணுக்கும் ஓர் உரிமை உண்டு

(ரமலானுக்கு முன்னர் நடைபெற்ற மஹல்லா நலக் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இன்று தூக்கத்தைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று அறிவித்ததும் சில இளைஞர்கள் சிரித்தார்கள். "செயலாளர் பாய் பேசினாலே தூக்கம் வரும், அதுக்குத் தனிக் கூட்டமா?" என்று ஒருவர் கேட்டதும் காதில் விழுந்தது. பரவாயில்லை. இங்கே தூங்கினால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தூங்குவதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அதைச் சொல்லாமல் பிறருக்குப் புத்தி சொல்வது முறையல்ல.

நம் அறக்கட்டளையின் ஆம்புலன்ஸ் சென்ற ஆண்டு பள்ளிகொண்டா அருகே சாலை நடுத்திட்டில் ஏறி நின்றது உங்களில் பலருக்குத் தெரியும். டயர் வெடித்துவிட்டது என்றுதான் ஊரில் பேச்சு. டயர் வெடித்தது உண்மை. ஆனால் அது திட்டில் மோதியதால் வெடித்தது. வண்டி ஏன் திட்டுக்குப் போனது? ஓட்டுநர் தம்பி கண் அயர்ந்துவிட்டார். பின்னால் சென்னையிலிருந்து கொண்டுவந்த மய்யித்தும், உடன் மூன்று உறவினர்களும் இருந்தார்கள். அல்லாஹ்வின் கருணையால் ஒருவருக்கும் காயமில்லை. எதிர்ப்பக்கம் வண்டி பாய்ந்திருந்தால் ஒரு ஜனாஸாவுக்குப் போன வண்டி ஐந்து ஜனாஸாக்களோடு திரும்பியிருக்கும்.

மறுநாள் அந்தத் தம்பி அலுவலகத்துக்கு வந்து அழுதார். "பாய், சத்தியமா நான் தூங்கலை. கண்ணைத் திறந்துக்கிட்டுத்தான் இருந்தேன். பள்ளிகொண்டா டோல் எப்ப வந்துச்சுன்னே தெரியலை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவரை அனுப்பிவிட்டு நாங்கள் வண்டியின் பதிவேட்டைப் புரட்டினோம். முந்தின நாள் காலை 5 மணிக்கு எழுந்தவர். பகலில் ஒரு டயாலிசிஸ் நோயாளியை வேலூருக்குக் கொண்டுபோய்க் காத்திருந்து அழைத்து வந்தவர். இரவு 9 மணிக்குச் சென்னைக்குப் புறப்பட்டவர். வண்டி மோதியது மறுநாள் காலை 5.30-க்கு. இருபத்து நாலரை மணி நேரம் அந்த மனிதர் படுக்கவே இல்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் நேரே கையெழுத்து இருந்தது. அது எங்கள் கையெழுத்து.

"நல்ல பையன், எப்போது கூப்பிட்டாலும் முகம் கோணாமல் வருவான்" என்று அவரைப் பாராட்டி வந்தோம். எப்போது தூங்கினாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கூட்டம்.

நம் ஊர் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையின் ஓரத்தில் இருக்கிறது. முன்பு தோல் ஷெட்டும் ஷூ கம்பெனியும்தான் நமக்கு வேலை. காலையில் போய் மாலையில் திரும்புவார்கள். இன்று ராணிப்பேட்டை சிப்காட்டுக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஓசூருக்கும் கம்பெனி பஸ் வருகிறது. நம் பெண் பிள்ளைகள் நர்ஸாக இரவுப் பணி பார்க்கிறார்கள். வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள், லோடு ஏற்றிப் போகிறவர்கள், பேக்கரியில் இரவெல்லாம் ரொட்டி போடுகிறவர்கள் எல்லோரும் நம் மஹல்லாவில் இருக்கிறார்கள். ஊர் உறங்கும் நேரத்தில் விழித்திருந்து சம்பாதிக்கும் ஹலாலான காசு அது. அவர்களைக் குறை சொல்ல நாம் கூடவில்லை. அவர்கள் பத்திரமாக வீடு வந்து சேரவேண்டும் என்றுதான் கூடியிருக்கிறோம்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு தேசிய நெடுஞ்சாலை, மாநிலச் சாலை எல்லாம் சேர்த்துத் தமிழ்நாட்டில் நடந்த விபத்துகள் 64,105. விபத்துகளின் எண்ணிக்கையில் நம் மாநிலம்தான் முதலிடம். இவற்றில் தூக்கத்தால் நடந்தவை எத்தனை என்று பிரித்தறிவது கடினம். குடித்திருந்தால் ஊதச் சொல்லிக் கண்டுபிடிக்கக் கருவி இருக்கிறது. தூக்கத்தை அளக்கப் போலீஸார் கையில் கருவி இல்லை. மோதிய வேகத்தில் தூக்கம் கலைந்துவிடும். பிறகு 'அதிவேகம்' என்றோ 'கட்டுப்பாட்டை இழந்தது' என்றோ பதிவாகும்.

குடியைப் பற்றிச் சொன்னதால் ஒன்றைக் கவனியுங்கள். காலை 6 மணிக்கு எழுந்த ஒருவர் இரவு 11 மணி வரை விழித்திருந்தால் 17 மணி நேரமாகிறது. அப்போது அவருடைய மூளை வேலை செய்யும் வேகம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவருடைய நிலைக்கு ஒப்பாக மந்தமாகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 0.10 சதவீதத்துக்கு ஒப்பாகிறது. நம் நாட்டுச் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராம், அதாவது 0.03 சதவீதம் மது இருந்தாலே வண்டி ஓட்டுவது குற்றம்.

யோசித்துப் பாருங்கள். மதுவை நாம் தொடுவதில்லை. தொட்டவன் ஓட்டும் வண்டியில் நம் பிள்ளைகளை ஏற்றவும் மாட்டோம். ஆனால் ஓர் இரவு முழுதும் விழித்தவர் ஓட்டும் வேனில் குடும்பத்தோடு ஏறி, பிஸ்மில்லாஹ் சொல்லிப் பின்சீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறோம்.

அடுத்தது அந்தத் தம்பி சொன்ன 'கண்ணைத் திறந்துக்கிட்டுத்தான் இருந்தேன்' என்ற விஷயம். கடுமையான தூக்கக் குறைவில் மூளை நம்மைக் கேட்காமலே சில விநாடிகள் தூங்கிவிடும். கண் திறந்திருக்கும்போதுகூட அது நடக்கும். நமக்கே தெரியாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. நான்கு விநாடி அசந்தால் கிட்டத்தட்ட 90 மீட்டர். அத்தனை தூரமும் அந்த வண்டிக்கு ஓட்டுநர் இல்லை.

இந்தத் தூக்கம் எந்த நேரத்திலும் வரலாம். ஆனாலும் அதற்கென்று இரண்டு வேளைகள் உண்டு. ஒன்று, நள்ளிரவு 2 மணியிலிருந்து காலை 6 மணி வரை. மற்றொன்று, மதியம் 2 மணியிலிருந்து 4 மணி வரை. நம் உடலுக்குள் இருக்கும் கடிகாரம் அந்த நேரங்களில் உடலைத் தளர்த்துகிறது. ஏர்போர்ட்டிலிருந்து ஊருக்குத் திரும்பும் நேரமும், கல்யாண பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் புறப்படும் நேரமும் சரியாக அந்த வேளைகளில்தான் விழுகின்றன.

சரி, ஓட்டும்போது தூக்கம் வருகிறது என்று எப்படி அறிவது? அடுத்தடுத்துக் கொட்டாவி வரும். கண் எரியும், தலை தொங்கும். கடந்து வந்த ஊரோ டோலோ நினைவில் இருக்காது. வண்டி கோட்டை விட்டு விலகும். சாலையோரத்துப் பட்டை தடதடக்கும்போது திடுக்கிடுவீர்கள். இவற்றில் ஒன்று வந்தாலும் "இன்னும் இருபது கிலோமீட்டர்தானே" என்று சொல்லாதீர்கள். அந்தத் தம்பிக்கும் வீடு பக்கத்தில்தான் இருந்தது.

கண்ணாடியை இறக்குவது, முகம் கழுவுவது, ஏசியைக் கூட்டுவது, கஸீதாவைச் சத்தமாக வைப்பது, வாயில் பாக்கை அடக்குவது இவையெல்லாம் சில நிமிடங்களுக்குத் தெம்பு தரும். அதற்குமேல் தாங்காது. தூக்கத்துக்கு மருந்து தூக்கம்தான். பெட்ரோல் பங்க், டோல் பிளாசா, பள்ளிவாசல் வாசல் என்று வெளிச்சமுள்ள இடமாகப் பார்த்து ஒதுங்குங்கள். சாலையோரத்திலேயே வண்டியை நிறுத்தாதீர்கள், பின்னால் வரும் லாரிக்காரரும் தூக்கத்தில் இருக்கலாம். ஒரு டீயோ காபியோ குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் படுங்கள். காபி வேலை செய்யத் தொடங்க ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகும். எழும்போது இரண்டின் பலனும் சேர்ந்து கிடைக்கும். எழுந்ததும் ஐந்து பத்து நிமிடம் நடந்துவிட்டுப் பிறகு வண்டியை எடுங்கள். இது வீடு போய்ச் சேருவதற்கான கைகொடுப்பு மட்டுமே. இரவுத் தூக்கத்துக்கு ஈடாகாது. வழியில் ஏதேனும் நேர்ந்தால் தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108.

இந்த இடத்தில் முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் வரும் ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுகிறோம். ஓர் இரவுப் பயணத்தில் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் வாகனத்தின் மீதே கண் அயர்ந்து ஒரு பக்கம் சாய்ந்தார்கள். அருகில் வந்த அபூ கதாதா ரளியல்லாஹு அன்ஹு அவர்கள் நபியவர்களை எழுப்பாமலே தாங்கிப் பிடித்து நிமிர்த்தினார்கள். இப்படி மூன்று முறை நடந்தது. மூன்றாம் முறை விழித்துக்கொண்ட நபியவர்கள், தம்மைக் காத்தவருக்காக துஆ செய்தார்கள். பிறகு என்ன செய்தார்கள்? பாதையை விட்டு ஒதுங்கி, தலை சாய்த்து உறங்கினார்கள். தூக்கம் வந்தால் ஒதுங்கிப் படுப்பது வீரக் குறைவல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஒட்டகம் தானாக வழி பார்த்து நடக்கும். காருக்கு அந்த அறிவு கிடையாது. நம் வண்டியில் முன்சீட்டில் உட்காருகிறவர் அபூ கதாதாவாக இருக்க வேண்டும். அவர் குறட்டை விடக்கூடாது.

இனி, இரவுப் பணியில் இருப்பவர்கள் தூக்கத்தை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று பார்ப்போம்.

வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். பகலில் தூங்குகிறவருக்கு அது எளிதில் கிடைக்காது, நான்கைந்து மணி நேரத்தில் விழிப்பு வந்துவிடும். அதனால் தூக்கத்தை இரண்டு தவணையாக வைத்துக்கொள்ளுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை வேலை என்றால் ஃபஜ்ரைக் கம்பெனியிலேயே தொழுதுவிடுங்கள். வீட்டுக்கு வந்து இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டு, எட்டு மணிக்குள் படுத்துவிடுங்கள். பகல் ஒரு மணிக்கு எழுந்து லுஹர் தொழுது, சாப்பிட்டு, வீட்டாரோடு இருங்கள். அஸருக்குப் பின் பிள்ளைகளைப் பாருங்கள். இஷாவுக்கு முன்னோ பின்னோ, புறப்படுவதற்குள் ஒன்றரை மணி நேரம் மறுபடி படுங்கள். ஏழு மணி நேரம் கிட்டத்தட்ட நிறைந்துவிடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காகச் சற்று முன்னதாக எழ வேண்டியிருக்கும். அன்று மாலைத் தூக்கத்தை அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

முதல் இரவுப் பணிதான் கடினம். காலையில் எழுந்து பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு அப்படியே ஷிஃப்டுக்குப் போகாதீர்கள். அன்று மாலை கட்டாயம் ஒரு தூக்கம் போட்டுவிட்டுப் போங்கள். டீ காபியை வேலையின் முதல் பாதியோடு நிறுத்துங்கள். அதிகாலை 4 மணிக்குக் குடித்த காபி, காலை 9 மணிக்கும் பாதி வீரியத்தோடு ரத்தத்தில் நிற்கும். நள்ளிரவில் பரோட்டா சால்னா வேண்டாம். வயிறு கனத்தால் கண்ணும் கனக்கும். சளி, தும்மலுக்கு வாங்கும் சில மாத்திரைகள் தூக்கத்தைத் தரும். மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள். இரவெல்லாம் குறட்டை விட்டு, மூச்சுத் திணறி, போதுமான நேரம் தூங்கியும் பகலில் சொக்குகிறவர் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது நோய், சிகிச்சை உண்டு.

கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்களே, பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு இருக்கும் நான்கைந்து கிலோமீட்டரைக் கவனியுங்கள். பஸ்ஸில் பாதி தூங்கி, திடுக்கிட்டு இறங்கி, அப்படியே பைக்கை உதைத்துக் கிளப்புகிறோம். பத்து நிமிடம் நின்று, முகம் கழுவி, முழு விழிப்பு வந்த பிறகு கிளம்புங்கள். இரண்டு பேர் சேர்ந்து ஓர் ஆட்டோவில் வந்தாலும் பெரிய செலவில்லை. வீட்டில் அண்ணனோ தம்பியோ இருந்தால் வந்து அழைத்துப் போகட்டும்.

தாய்மார்களே, இதில் பாதி வேலை உங்கள் கையில் இருக்கிறது. மகன் காலையில் வந்து படுத்தால், "பகல்ல என்னடா தூக்கம், கரண்ட் பில்லைக் கட்டிட்டு வா" என்று பத்து மணிக்கு எழுப்பாதீர்கள். நள்ளிரவு ஒரு மணிக்கு உங்களை எழுப்பிக் கடைக்கு அனுப்பினால் எப்படி இருக்கும்? அவருக்கு அது நள்ளிரவு. ஜன்னலில் கெட்டியான துணியைப் போடுங்கள், செல்போனை வாங்கி வேறு அறையில் வையுங்கள், மிக்ஸியைப் பிறகு ஓட்டுங்கள். அத்தா தூங்குகிறார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

மருமகளோ மகளோ நர்ஸ் வேலை முடித்து வந்தால், அதே சலுகை அவருக்கும் உண்டா? நம் வீடுகளில் இரவு முழுதும் வார்டில் நின்ற பெண், வந்ததும் அடுப்படியில் நிற்கிறார். அவருக்கு இரண்டு கண்தானே இருக்கிறது? உங்கள் உடலுக்கும் உங்கள் கண்ணுக்கும் உங்கள் மீது உரிமை உண்டு என்று நபியவர்கள் தம் தோழருக்கு உணர்த்தியது வணக்கத்தில் அளவு மீறுவதைத் தடுக்கத்தான். வணக்கத்துக்கே அந்த வரம்பு என்றால், வீட்டு வேலைக்கு இல்லையா?

அடுத்து, ஏர்போர்ட் பயணம். துபாய்க்கோ ஜித்தாவுக்கோ போகும் பிள்ளையை வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஏறுகிறோம். அதிகாலை விமானம். அழுது அனுப்பிவிட்டு 4 மணிக்கு ஊர் திரும்புகிறோம். வேனில் பன்னிரண்டு பேர் தூங்க, ஒருவர் மட்டும் விழித்திருக்க வேண்டும். பகலெல்லாம் அவர் வேறு வாடகைக்கு ஓடியவர். மறுத்தால் அடுத்தவர் போய்விடுவார், வண்டிக்கு டியூ கட்ட வேண்டும், அதனால் வாய் திறக்க மாட்டார். ஆகவே வாய் திறக்க வேண்டியவர்கள் நாம். வண்டி பேசும்போது வாடகை கேட்பதற்கு முன், "நேத்து ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேளுங்கள். விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம் அவர் படுக்கட்டும். காத்திருப்புக் கூலியைக் கணக்குப் பார்க்காமல் கொடுங்கள். விடிந்த பிறகு புறப்படுங்கள். வழியனுப்ப இரண்டு பேர் போதும், துஆவை வீட்டிலிருந்தே செய்யலாம்.

வண்டி வைத்திருக்கும் முதலாளிகளுக்கும் ஒரு சொல். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஓட்டுநருக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று பொதுவான வரம்பு வைத்திருந்தது. ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேர ஓய்வு தர வேண்டும் என்றும் சொன்னது. சிறு முதலாளிகளுக்கு அந்த வரம்பு பொருந்துமா என்று வாதாட வேண்டாம். மனிதருக்குப் பொருந்தும், அது போதும்.

நாம் செய்யப்போவதையும் சொல்லிவிடுகிறோம்.

ஆம்புலன்ஸுக்கு இனி இரண்டு ஓட்டுநர்கள். பதிவேட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறோம்: 'கடைசியாகத் தூங்கி எழுந்த நேரம்'. அதை நிரப்பாமல் சாவி கிடையாது. "என்னால் இன்று முடியாது" என்று ஓட்டுநர் சொன்னால் சம்பளத்தில் ஒரு ரூபாயும் பிடிக்க மாட்டோம். தூரத்திலிருந்து மய்யித் கொண்டுவர இரவில் போவதென்றால் இருவரும் சேர்ந்து போவார்கள். இயலாவிட்டால் விடியும் வரை காத்திருக்கக் குடும்பத்தாரிடம் கேட்டுக்கொள்வோம். மய்யித்தை விரைந்து அடக்கவேண்டும் என்பதை மறக்கவில்லை. உயிரோடு இருப்பவர்களைக் காப்பதும் கடமைதான்.

அலுவலகத்தின் கீழ் அறையில் இரண்டு கட்டிலும் மின்விசிறியும் போட்டிருக்கிறோம். நெடுஞ்சாலையில் போகும் எந்த ஓட்டுநரும், எந்த மதத்தவரானாலும், எந்த நேரத்திலும் வந்து படுக்கலாம். காவலாளியிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

வாசலில் ஓர் அட்டை அச்சடித்து வைத்திருக்கிறோம்: 'இரவுப் பணி முடித்தவர் உறங்குகிறார், பகல் 1 மணிக்குப் பிறகு வரவும்'. வேண்டியவர்கள் இலவசமாக எடுத்துப் போய் வீட்டுக் கதவில் மாட்டுங்கள். சந்தா வாங்க வரும் எங்கள் ஆட்களுக்கும் அந்த அட்டை பொருந்தும்.

ரமலான் நெருங்குகிறது. தராவீஹ், ஸஹர் என்று தூக்கம் துண்டு துண்டாகும் மாதம். ஸஹர் முடித்த கையோடு நீண்ட தூரம் ஓட்டாதீர்கள். இஃப்தாருக்கு வீடு சேர வேண்டும் என்று விரட்டாதீர்கள். ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும் வண்டியில் இருந்தால் சாலையோரப் பள்ளியில் நோன்பு திறந்துவிடலாம். மதியம் சற்றுக் கண் அயர்வது நம் முன்னோர் கைக்கொண்ட கைலூலா, அதை உயிர்ப்பியுங்கள். தொழுகையிலேயே தூக்கம் மேலிட்டால், போய்த் தூங்கி எழுந்து தொழுங்கள் என்று நமக்கு வழிகாட்டப்பட்டிருக்கிறது. பாவமன்னிப்புக் கேட்பதாக நினைத்துத் தன்னையே ஏசிவிடக்கூடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். தொழும்போது நாவு தவறினால் அல்லாஹ் மன்னிப்பான். சாலையில் கை தவறினால், எதிரே வருகிறவரின் பிள்ளைகளுக்கு நாம் என்ன பதில் சொல்வது?

அந்த ஓட்டுநர் தம்பி இப்போதும் நம்மிடம்தான் வேலை பார்க்கிறார். போன வாரம் ஓர் இரவு 11 மணிக்கு அழைத்தோம். "பாய், நான் காலையிலேர்ந்து முழிச்சிருக்கேன். அந்தத் தம்பியை அனுப்புங்க" என்றார். எங்களுக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. இந்த ஒரு வார்த்தையைச் சொல்லும் தைரியம் நம் மஹல்லாவின் ஒவ்வொரு ஓட்டுநருக்கும், அதைக் கேட்டுக் கோபப்படாத மனம் நம் எல்லோருக்கும் வரவேண்டும்.

இரவில் வெளியே சென்றிருக்கும் நம் பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் நலமுடன் வீடு சேர்ப்பானாக. ஆமீன்.